தாளுக்கும் திரைக்கும் இடையே



ஓவியம் கற்பித்த ஒருவரின் நினைவாக ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் நடத்தும் சொற்பொழிவு இது. ஆகவே, ஓவியம் கற்பிப்போரையும் கற்போரையும் இன்று அதிகம் அலைக்கழிக்கும் கேள்வியையே எடுத்துக்கொண்டேன். ஐபேட் வந்தபிறகு பிள்ளைகளுக்குக் கை படியவே இல்லை என்று மூத்த ஆசிரியர்கள் வருந்துகிறார்கள். எல்லா வேலையும் திரையிலேயே முடிகிறபோது இண்டியன் இங்க்கையும் கரித்துண்டையும் வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இரு தரப்பும் சொல்லாமலே ஒப்புக்கொள்வது ஒன்று உண்டு. தாளிலிருந்து திரைக்குப் போவது ஒருவழிப் பாதை, போனவர் திரும்புவதில்லை என்பது அது. அந்த எண்ணத்தை மறுக்கவே வந்திருக்கிறேன்.

தாளில் பழகிய கையைத் திரைக்குக் கொண்டுபோவது வேலையில் பாதிதான். திரையில் கற்றதைத் தாளுக்குத் திரும்பக் கொண்டுவருவது மறுபாதி. அந்த மறுபாதியைச் செய்கிறவர்களுக்கே இரண்டு கருவிகளும் முழுப் பயன் தருகின்றன. இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, ஒரே ஓவியரின் வாழ்நாள் வேலையை வைத்துச் சொல்வது நல்லது. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னியை எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு புதுக் கருவிகளைத் தொட்டுப் பார்த்தவரும், ஒவ்வொரு முறையும் தாளுக்குத் திரும்பி வந்தவரும் அவரைப்போல் அரிது.

எலும்புக்கூட்டிலிருந்து தொடக்கம்

ஹாக்னி 1937இல் வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பிறந்தவர். அங்குள்ள ஓவியப் பள்ளியில் 1953 முதல் 1957 வரை படித்தார். எதிரே நிற்கும் மனித உருவத்தைப் பார்த்து நாள்தோறும் வரையும் பழைய பாணிப் பயிற்சி அது. 1959இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் சேர்ந்தார். உடன் படித்தவர்கள் பலர் அரூப ஓவியத்தில் முனைப்பாக இருந்த நேரம். இவரோ தொங்கவிட்டிருந்த ஒரு மனித எலும்புக்கூட்டின் முன்னால் உட்கார்ந்து, விலா விலாவாக, மூட்டு மூட்டாகப் பெரிய தாள்களில் வரைந்தார்.

1964இல் லாஸ் ஏஞ்சலஸ் போனதும் எண்ணெய் வண்ணத்தை விட்டு, விரைவில் காயும் அக்ரிலிக்கை எடுத்தார். 1967இல் வரைந்த 'எ பிக்கர் ஸ்பிளாஷ்' உங்களில் பலர் பார்த்த படம். நீச்சல் குளத்தில் ஒருவர் குதித்த நொடியில் எழும் நீர்த்தெறிப்பு அது. கண்ணிமைக்கும் நேரத்தில் அடங்கிவிடும் அந்தத் தெறிப்பைச் சிறு தூரிகைகளால் வரைய அவருக்கு இரண்டு வாரங்கள் பிடித்தன. வேகமான வண்ணம் கைக்கு வந்தபோதும் பார்வையின் நிதானத்தை அவர் விடவில்லை. பிற்காலக் கருவிகள் எல்லாவற்றையும் அவர் கையாண்ட விதத்துக்கு இது ஒரு முன்னறிவிப்பு.

நகல் எடுக்கும் இயந்திரத்தில் ஓவியம்

1986இல் அவர் எடுத்தது சாதாரண அலுவலக ஜெராக்ஸ் இயந்திரம். ஒரு தாளில் இலையை மட்டும் வரைவார். அதைக் கண்ணாடியின்மேல் வைத்துப் பச்சை மையில் நகல் எடுப்பார். அச்சான தாளைத் திரும்ப இயந்திரத்துக்குள் போடுவார். அடுத்து, பூவை மட்டும் வரைந்த வேறொரு தாளைக் கண்ணாடிமேல் வைத்துச் சிவப்பு மையில் அதே தாளின்மேல் எடுப்பார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தாள், தனி ஓட்டம். இப்படி உருவானவற்றை வீட்டிலேயே செய்த அச்சுகள் என்ற பொருளில் 'ஹோம் மேட் பிரிண்ட்ஸ்' என்று அழைத்தார்.

இன்று மாணவர்கள் லேயர் என்று சொல்வது இதைத்தான். லித்தோகிராஃபியும் சில்க் ஸ்கிரீனும் செய்தவர்களுக்கு இது புதிதில்லை. எந்த நிறம் அடியில், எது மேலே, எங்கே வெள்ளைத் தாளை விட்டுவைப்பது என்று முன்கூட்டியே யோசித்துப் பழகியவர்கள் அவர்கள். அச்சுக்கலை படித்த ஒருவர் டேப்லெட்டில் லேயர்களை அடுக்கும்போது ஒவ்வொரு லேயருக்கும் ஒரு காரணம் இருக்கும். படிக்காதவர் கோப்பில் ஐம்பது லேயர் இருக்கும், எதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே பிடிபடாது.

அடுத்து, பிபிசி 1987இல் ஒளிபரப்பிய ஒரு தொடருக்காகக் குவான்டெல் பெயின்ட்பாக்ஸ் என்ற கணினியில் வரைந்தார். தொலைக்காட்சி நிலையங்களுக்காகச் செய்த, மிகுந்த விலையுள்ள இயந்திரம். நிறமிக்குப் பதில் ஒளியைக் கொண்டே வரைவதை முதன்முதலாக அதில் அனுபவித்தார். 1989இல் ஃபேக்ஸ். 'டென்னிஸ்' என்ற ஒரே படத்தை 144 தாள்களாகப் பிரித்து, அமெரிக்காவிலிருந்து யார்க்‌ஷயரின் சால்ட்ஸ் மில்லுக்கு ஒவ்வொன்றாக அனுப்ப, அங்கே கூடியிருந்தவர்கள் முன்னிலையில் அது சுவரில் ஒன்றுசேர்ந்தது.

சில புள்ளிகள் போதும்

1999இல் லண்டன் நேஷனல் கேலரியில் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ரின் உருவப்படங்களைப் பார்த்தார் ஹாக்னி. அந்தச் சிறிய பென்சில் படங்களில் கோடு தயக்கமே இல்லாமல் ஓடுவதைக் கண்டு, ஆங்க்ர் ஏதோ ஒளியியல் கருவியின் துணையைக் கொண்டிருக்க வேண்டும் என்று கருதினார். அந்தக் கருத்தை விரித்து 2001இல் 'சீக்ரெட் நாலெட்ஜ்' நூலை வெளியிட்டார். கலை வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்கவில்லை, விவாதம் இன்றும் தொடர்கிறது. நமக்கு வேண்டியது அந்த வழக்கின் தீர்ப்பல்ல. கருதியதைச் சோதிக்க அவர் தாமே காமிரா லூசிடாவைக் கையில் எடுத்தாரே, அதுதான்.

காமிரா லூசிடா என்பது ஒரு தண்டின் நுனியில் பொருத்திய சிறு முப்பட்டகம். அதன் வழியே குனிந்து பார்த்தால், எதிரே இருப்பவரின் முகம் தாளின்மேல் விழுந்ததுபோல் தெரியும். ஹாக்னி அதில் ஓரிரு நிமிடமே பார்ப்பார். கண்ணின் ஓரம், மூக்குத்துவாரம், உதட்டின் ஓரம் என்று சில இடங்களைக் குறித்துக்கொள்வார். பிறகு கருவியை ஒதுக்கிவிட்டு, ஆளை நேருக்கு நேர் பார்த்து, ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்து வரைவார். நேஷனல் கேலரியின் காவலர்கள் பன்னிருவரை இப்படித்தான் வரைந்தார்.

நம் வகுப்புகளில் நடப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். புகைப்படத்தை அடி லேயரில் போட்டு, அதன்மேல் அச்சு அசலாகக் கோடு இழுப்பது பரவலாகிவிட்டது. படம் ஒத்துப்போகும், முகம் உயிரற்று இருக்கும். காதும் கன்னமும் சட்டையின் பித்தானும் ஒரே அழுத்தத்தில், ஒரே அக்கறையில் வந்திருக்கும். எது முக்கியம் என்று கண் தேர்ந்தெடுக்க அங்கே வேலையே இல்லாமல் போகிறது. கருவியிடம் சில புள்ளிகளை வாங்கிக்கொண்டு மீதியைக் கண்ணுக்கு விடும் ஒழுக்கத்தை ஹாக்னியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கைக்குப் பின்னால் ஓடும் கோடு

கணினி பல ஓவியர்களின் வீட்டுக்கு வந்து வெகுகாலம் ஆகியும் ஹாக்னி அதில் தொடர்ந்து வரையவில்லை. கை முன்னே போக, கோடு பின்னால் தயங்கி வந்ததே காரணம். கோட்டோவியத்தில் இது சிறிய குறை அல்ல. கை இப்போது போட்ட கோட்டைக் கண் பார்த்து, அடுத்த அசைவைத் திருத்துகிறது. அந்த இடைவெளி ஒரு கணம் நீண்டாலும் கண்ணும் கையும் தனித்தனியே போய்விடும். கணினி போதிய வேகம் பெற்றபின், 2008 வாக்கில்தான் ஃபோட்டோஷாப்பில் வரையத் தொடங்கினார்.

இப்போது டேப்லெட்டுகளில் அந்தத் தாமதம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆனால் கோட்டைச் சீராக்கித் தரும் ஸ்டெபிலைசர் என்ற வசதி, அதே தாமதத்தை நாமே விரும்பிக் கேட்டு வாங்குவதாக இருக்கிறது. ஸ்டைலஸ் போன பல நிலைகளின் சராசரியை எடுத்து, கையின் நடுக்கத்தை நீக்கி, வழவழப்பான கோடாக அது தருகிறது. எழுத்து வடிவம் வரைவோருக்கு அது நல்ல துணை. வரையக் கற்கும் மாணவருக்கோ கை எங்கே தடுமாறுகிறது என்பதே தெரியாமல் போகும். காந்தி நூற்றாண்டான 1969இல் ஓவியர் ஆதிமூலம் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்தார். அந்தக் கோடுகள் திணறும், உடையும், திடீரென்று தடிக்கும். அந்தத் திணறலைச் சராசரி எடுத்திருந்தால் காந்தி காணாமல் போயிருப்பார்.

விளக்கைப் போடாமல் வரைந்த விடியல்

2009 வாக்கில் ஹாக்னியின் கைக்கு ஐபோன் வந்தது. அப்போது அவர் யார்க்‌ஷயர் கடலோரம் பிரிட்லிங்டன் என்ற ஊரில் இருந்தார். 'ப்ரஷஸ்' என்ற செயலியில் கட்டைவிரலால் வரைவார். ஜன்னலோரத்துப் பூச்சாடி, அதற்கு அப்பால் உதிக்கும் சூரியன். வரைந்த கையோடு நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார்.

அங்கே திரை அவருக்கு ஒரு புதிய காட்சியைத் திறந்தது. பென்சிலும் தாளும் கொண்டு விடியலை வரைய வேண்டுமானால் விளக்கைப் போட வேண்டும். விளக்கைப் போட்டதும் விடியலின் நிறம் ஓடிவிடும். திரைக்குத் தன் ஒளி உண்டு. படுக்கையில் இருந்தபடியே, இருட்டிலேயே, வானம் கருநீலத்திலிருந்து செம்மஞ்சளுக்கு மாறுவதை அவரால் தொடர முடிந்தது. தாளால் இயலாத ஒன்றைச் செய்யத்தான் அவர் திரையை எடுத்தார். தாளில் நன்றாக வருவதைத் திரையில் போலி செய்ய அவர் மெனக்கெடவில்லை.

2010இல் ஐபேட் வந்ததும் சட்டமும் பெரிதாயிற்று. 2011இல் வோல்ட்கேட் என்னும் கிராமத்துச் சாலையில் வசந்தம் வருவதை ஜனவரியிலிருந்து பின்தொடர்ந்தார். மொட்டை மரங்கள், பனி, முதல் தளிர், மே மாதத்து ஹாத்தார்ன் பூக்கள். வண்ணம் குழைக்க வேண்டாம், காயக் காத்திருக்க வேண்டாம். மேகம் விலகிச் சாலையில் வெயில் விழுந்தால் அந்த வெயிலைப் பிடித்துவிடலாம். நீர்வண்ணத்தில் வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குத்தான் போக முடியும். இங்கே இருட்டின்மேல் வெளிச்சத்தை எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் அதன் தேதியே பெயர். 51 ஐபேட் படங்களைப் பெரிய அளவில் அச்சிட்டு, 32 கித்தான்களை இணைத்த ஒரு பெரும் எண்ணெய் ஓவியத்தோடு சேர்த்து 52 பகுதிகள் கொண்ட ஒரே படைப்பாக 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் வைத்தார். அச்சும் எண்ணெய் ஓவியமும் ஒரே அறையில், ஒரே வசந்தத்தைப் பற்றி.

திரும்பி வருதல்

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். திரையில் கற்றது தாளுக்கும் கித்தானுக்கும் திரும்பியதற்குச் சான்று என்ன?

முதற்சான்று ஐபோனுக்கும் முந்தியது. 2007இல் 'பிக்கர் ட்ரீஸ் நியர் வார்ட்டர்' என்ற ஓவியத்தைத் திறந்தவெளியில் வரைந்தார். 50 கித்தான்கள், சேர்த்தால் அகலம் 12 மீட்டர். மொத்தத்தையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்க அவரிடம் இடம் இல்லை. ஆகவே ஒவ்வொரு கித்தானையும் படமெடுத்துக் கணினியில் ஒட்டவைத்து, முழு ஓவியம் எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டார். மறுநாள் எந்தக் கிளையை எங்கே நீட்டுவது என்பதை அதை வைத்து முடிவுசெய்தார். கணினி அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை. எண்ணெய் வண்ண ஓவியர் எட்டடி பின்வாங்கிப் பார்க்கும் வழக்கம் உண்டல்லவா, அந்தப் பின்வாங்கலை மட்டும் அவருக்குத் தந்தது.

இரண்டாவது சான்று 2013. முந்தைய ஆண்டின் இறுதியில் அவருக்கு லேசான பக்கவாதம் வந்து பேச்சு சற்றுத் தடைப்பட்டது, கை தப்பியது. ஐபேடில் உலகப் புகழ் பெற்றிருந்த அந்த மனிதர், அடுத்த வசந்தத்துக்குக் கரித்துண்டை எடுத்துக்கொண்டு அதே வோல்ட்கேட் சாலைக்குப் போனார். ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, குளிர்காலம் முதல் வசந்தம் வரை ஒவ்வோரிடத்தையும் ஐந்து முறை வரைந்தார். மொத்தம் 25 படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை.

கரித்துண்டு இரக்கமற்றது. உள்ளங்கை பட்டால் கோடு கலையும். அழுத்தித் தீட்டிய கறுப்பின்மேல் வெள்ளையை மீட்க வழி குறைவு. குட்டையில் மின்னும் வானத்தை வேண்டினால், அந்த அளவு தாளை முதலிலிருந்தே தொடாமல் காப்பாற்றி வைக்க வேண்டும். திரையில் இரண்டு விரலால் தட்டினால் போட்ட கோடு மறையும், இங்கே போட்டது போட்டதுதான். அந்த 25 படங்களையும் 2011இன் ஐபேட் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், போனதும் வந்ததும் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் மாற்றத்தையே பொருளாக்கும் வரிசை, தேதியிட்ட ஐபேட் படங்களில் வலுப்பட்டது. புல்லுக்கு ஒரு கீற்று, முள்செடிக்கு ஒரு சுழி, சேற்றுக்கு ஒரு தேய்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் தேடியது, பல தூரிகைகளை மாற்றி மாற்றி எடுத்த திரைப் பழக்கத்தில் கூர்மையடைந்தது. நிறம் முழுவதையும் விட்டபின்னும் வெயில் எங்கே விழுகிறது என்பது அந்தக் கரிப்படங்களில் மாறாமல் நிற்கிறது. வெயிலைத் துரத்தித் துரத்தி வரைந்த கண் அதற்குள் பழகியிருந்தது.

மூன்றாவது சான்று கண்ணாடியில். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 2018இல் திறந்துவைக்கப்பட்ட 'குயின்ஸ் விண்டோ'வை ஹாக்னி ஐபேடில் வடிவமைத்தார். பின்னாலிருந்து ஒளி வரும் திரையில் வரைந்த பூக்கள், பின்னாலிருந்து ஒளி வரும் சாளரத்துக்குப் போயின. ஐபேட் படத்தைச் சாளரமாக்கியவர்கள், கண்ணாடியை வெட்டி ஈயத்தால் இணைக்கும் பழந்தொழில் தெரிந்த கைவினைஞர்கள்.

2020இல் பிரான்சின் நார்மண்டியில் இருந்தபடி மறுபடியும் ஐபேடில் ஒரு வசந்தத்தை வரைந்தார். அந்த ஆண்டுப் படங்களிலிருந்து சுமார் 90 மீட்டர் நீளமுள்ள 'எ இயர் இன் நார்மண்டி' உருவாயிற்று. அதன் முன்னோடிகள் இரண்டு: பதினோராம் நூற்றாண்டின் பேயூ தையல் ஓவியம், நடந்துகொண்டே பார்ப்பதுபோல் விரியும் சீனச் சுருள் ஓவியங்கள். அவருடைய மிகப் புதிய கருவியில் வந்த படைப்புக்கு வடிவம் தந்தவை மிகப் பழையவை.

நம் வகுப்பறைகளுக்கு

சொற்களைக் கொடுத்தால் படம் தரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இன்று நான் பேசிய கருவிகள் எல்லாம், ஜெராக்ஸ் முதல் ஐபேட் வரை, கையின் அசைவை வாங்கிக்கொள்பவை. கை கற்றதை அவை வெளிப்படுத்தும், கைக்குத் திருப்பியும் கற்பிக்கும். கையையே கேட்காத கருவியிடம் அந்தப் பரிமாற்றத்துக்கு இடமில்லை. ஆகவே அது வேறொரு நாளின் பேச்சு.

மையிலும் கணினியிலும் ஒருசேர உழைத்த ஓவியர்கள் நம்மிடமும் உண்டு. டிராட்ஸ்கி மருதுவின் வேலையைப் பார்த்தாலே போதும். அந்த வழியைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர, ஆசிரியர்களிடம் நான் கேட்பவை இவை.

ஒரே காட்சியை மாணவர் மூன்று முறை வரையட்டும். முதலில் கரித்துண்டில், அடுத்துத் திரையில், மறுபடியும் கரித்துண்டில். மதிப்பெண் மூன்றாவது படத்துக்கு. திரையில் என்ன கற்றார் என்பது அங்கேதான் வெளிப்படும்.

முதலாண்டு முழுவதும் ஸ்டெபிலைசரை அணைத்துவைக்கட்டும். படத்தின் பெரும்பகுதி முடியும்வரை பெருக்கிப் பார்க்க வேண்டாம். பெருக்கியே வரைகிறவர் இமை மயிரை முடித்துவிட்டுத் தலை எங்கே சாய்ந்தது என்று தேடுவார்.

திரையில் முடித்ததை அச்சிட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். கைக்குள் அடங்கும் வெளிச்சத்தில் அழகாகத் தெரிந்தது, எட்டடித் தொலைவில் தாளில் நிற்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

நிறைவாக, வரைந்தது எப்படி வளர்ந்தது என்று கோடு கோடாகத் திரும்பக் காட்டும் வசதியை வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பாருங்கள். தம் படங்கள் அப்படி ஓடுவதைப் பார்ப்பதில் ஹாக்னிக்கே பெரும் ஈடுபாடு. முன்பெல்லாம் ஆசிரியர் முடிந்த படத்தை மட்டுமே பார்த்துத் திருத்தினார். மாணவர் எதை முதலில் பார்த்தார், எங்கே தயங்கினார், நன்றாக இருந்ததை எந்த இடத்தில் கெடுத்தார் என்பதெல்லாம் அவர் கண்ணுக்கு மறைவாகவே நடந்தன. இப்போது பார்க்கலாம். ஓவியம் கற்பிப்போருக்கு இதைப் போன்ற உதவி இதற்குமுன் கிடைத்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

விலையுயர்ந்த டேப்லெட் எல்லா மாணவரிடமும் இருக்காது. கட்டைவிரலும் கையிலிருக்கும் செல்பேசியும் தொடங்குவதற்குப் போதும். இந்த அறக்கட்டளையைப்போல் கலைக்கு உதவ நினைப்போரிடம் ஒரு வேண்டுகோள்: கல்லூரிக்கு நாலைந்து டேப்லெட் வாங்கித் தரும்போது, அதே தொகைக்கு நல்ல தாளும் கரித்துண்டும் சேர்த்தே வாங்கித் தாருங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால், நாம் மாணவரை ஒரு கரையில் நிறுத்திவிடுகிறோம்.

மாணவ நண்பர்களே, எந்தக் கருவியில் வரைந்தாலும் அது உங்கள் பார்வையில் எதையாவது கூட்ட வேண்டும். கூட்டியிருக்கிறதா என்று அறிய, அந்தக் கருவியைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றில் அதையே வரைந்து பாருங்கள். திரையில் இன்று முடித்த படத்தை நாளைக் காலை தாளில் தொடங்குங்கள். தேர்வுக்காகவோ கண்காட்சிக்காகவோ செய்யாமல், வாழ்நாள் பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். எழுபத்தைந்து வயதில், குளிரில், கரித்துண்டோடு சாலையோரம் உட்கார ஒரு மனிதருக்கு ஆசை இருந்தது. இருபது வயதில் உங்களுக்கு இல்லாமல் போகக்கூடாது.